சித்திரை மதியம் தாங்கும் வேகம்

எங்கள் வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர்கள் உண்டு. ஒன்று பட்டுப்புழு ஷெட்டில், நடு ஸ்டாண்டில் கயிறு கட்டித் தொங்குகிறது. காலையில் இலை போடும்போது ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை என்று அப்பா அதைப் பார்த்துவிடுவார். இன்னொன்று என் எடிட்டிங் அறையில், கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்கு நேராக ஒரு சாண் தள்ளி ஆணியில் மாட்டியிருக்கிறது. புராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, நினைக்கிற யாரும் பெரிய கூலருக்குப் பணம் சேர்க்கும் முன்பு இந்த அறைத் தெர்மாமீட்டரைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லுவேன். இந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு கோடை பிடித்தது.

ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று கேமராவில் எடுத்த 4கே காட்சிகள், அதற்கு மேல் ட்ரோன் ஷாட். வெட்டி, கலர் பார்த்து, பாட்டுச் சேர்த்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் புராசஸரின் எல்லா கோர்களும் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) நூறு சதவீதத்தில் நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டை வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் அதே ஃபைல் அளவில், பட்டுப்புடவைச் சரிகையும் கூட்டத்தின் மேல் தூவுகிற அட்சதையும் புராசஸரில் செய்தால் வருகிற அளவுக்குத் தெளிவாக வருவதில்லை. அதனால் இறுதிப் பிரதி எப்போதும் புராசஸரில்தான்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அறை 22 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கும், மெஷின் சும்மா கிடக்கும். சித்திரையும் வைகாசியும் வந்தால் ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாண வேலை வந்து நிற்கும். வெளியே 38, 39 டிகிரி. மேல்மாடியில் காங்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கிற என் அறை மதியம் மூன்று மணிக்கு 37. வேலையும் வெயிலும் கைகோத்துக்கொண்டுதான் வரும்.

மெஷின் பழையது. இன்டெல் ஐ7-8700கே, இசட்370 போர்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 2017 அக்டோபரில் வந்த புராசஸர், 6 கோர், 12 திரெட். அடிப்படை வேகம் 3.7 ஜிகாஹெர்ட்ஸ், எல்லா கோரும் வேலை செய்யும்போது 4.3, ஒரே ஒரு கோர் என்றால் 4.7. பெயரின் கடைசியில் இருக்கிற 'கே' என்ற எழுத்துக்கு, பெருக்கி பூட்டப்படவில்லை என்று பொருள். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். மெஷின் தொடங்கும்போது திறக்கிற பயாஸ் அமைப்பில் பெருக்கியை 47 என்று வைத்தால் 4.7, 50 என்று வைத்தால் 5.0. 1998இல் செலரான் 300ஏ வைத்திருந்தவர்கள் பஸ் வேகத்தை (அன்றைய அடிப்படைத் துடிப்பை) 66இலிருந்து 100க்கு ஏற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450க்கு ஓட்டினார்கள். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது கை வைப்பது மிக எளிது. எண்ணை மாற்றினால் வேகம் மாறிவிடும். அந்த வேகத்தில் வருகிற சூட்டை எங்கே அனுப்புவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நான் வாங்கியது தை மாதம். அன்று இரவே பெருக்கியை 50இல் வைத்து, வோல்டேஜைக் கையால் 1.35 என்று கொடுத்து, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டேன். 86 டிகிரி. இந்தச் சிப்பின் உச்ச வரம்பு 100. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். வரம்புக்கு 14 டிகிரி கீழே நிற்கிறதே, போதும் என்று மூடிவிட்டேன். 5.0 என்ற எண்ணைத் திரையில் பார்த்ததில் அன்று அவ்வளவு சந்தோஷம்.

சித்திரை பிறந்தது. காரிமங்கலத்துப் பக்கம் ஒரு கல்யாணம், பெண் வீட்டார் வேலை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்து இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, எல்லாம் நல்லா வந்திருக்குது. ஆனா நலங்கு வெக்கிற எடத்துல பச்சையா ஒரு பட்டை வந்துட்டுப் போவுது. டிவி கோளாறா, இல்ல அதுலயே இருக்குதா?" நான் ஃபைலைத் திறந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். பாட்டி மஞ்சள் கிண்ணத்தில் கை வைக்கும் இடத்தில், படத்தின் கீழ்ப்பாதியில், இரண்டே இரண்டு ஃபிரேமுக்கு ஒரு பச்சைப் பட்டை. மூலக் காட்சியில் அது இல்லை. என் மெஷின் கணக்குப் போடும்போது ஒரு இடத்தில் தப்பாகப் போட்டிருக்கிறது. மெஷின் நிற்கவில்லை, நீலத் திரை வரவில்லை, எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்து பச்சை டிக் போட்டுவிட்டது.

அந்தப் பாட்டி மறுபடி நலங்கு வைக்கப் போவதில்லை. மூலக் காட்சி கையில் இருந்ததால் திரும்ப எக்ஸ்போர்ட் செய்து, அன்று மாலையே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. இதற்கு முன்னால் கொடுத்த வேலைகளில் யாரும் பார்க்காத பட்டை எத்தனை இருக்குமோ? தைக்குப் பிறகு செய்த ஒவ்வொரு ஃபைலையும் உட்கார்ந்து பார்த்தேன். இன்னொன்றில் ஒரு ஃபிரேம் கிடைத்தது. மெஷின் தொங்கிப்போனால் அது நல்ல ஓவர்கிளாக். குறைந்தபட்சம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு தப்பாகக் கணக்குப் போடுகிறதுதான் ஆபத்து.

தையில் சரியாக ஓடியது சித்திரையில் ஏன் தப்பியது? இதற்கு விடை எளிய கூட்டல்தான். காற்றுக் கூலர் எதுவாக இருந்தாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போக முடியாது. இத்தனை வாட்டுக்கு அறைச் சூட்டைவிட இத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதுதான் அதன் கணக்கு. என் கூலர் நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள சாதாரண டவர். 5.0இல் அறையைவிட 64 டிகிரி மேலே நின்றது. தையில் 22ஓடு 64, மொத்தம் 86. சித்திரையில் 37ஓடு 64 என்றால் 101. அதாவது வரம்பைத் தொட்டு, வேகம் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி தொட்டு என்று ஊசலாடிக்கொண்டிருந்திருக்கிறது. இதோடு சேர்த்து, சிலிக்கான் சூடாக ஆக அதே வேகத்தை நிலையாகக் காப்பதற்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். நான் கொடுத்த 1.35 தை மாதத்துக்குப் போதுமாக இருந்தது, சித்திரைக்குப் போதவில்லை. வோல்டேஜை ஏற்றினால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சுழலுக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை.

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குளிர்நாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் 5.1 வைத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே எண்ணை இங்கே போடுவது, ஓசூரில் ராகி விதைத்த நாளைக் கேட்டுக்கொண்டு அரூரில் விதைப்பது மாதிரி. ஓசூரில் இருக்கிற என் நண்பனிடம் இதே புராசஸர், இதே கூலர். அவன் 4.9இல் நிம்மதியாக ஓட்டுகிறான். ஓசூர் எங்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. அவன் அறை கோடையிலும் 31, 32ஐத் தாண்டுவதில்லை. அந்த ஐந்து டிகிரி எனக்கு இல்லை.

சரி, வேகத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் ஏறும். என் சிப்பின் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 4.3 ஜிகாஹெர்ட்ஸுக்கு 1.15 வோல்ட் போதும். 5.0க்கு 1.35 வேண்டும். வேகம் 16 சதவீதம் கூடுகிறது. வோல்டேஜ் விகிதத்தை இருமடியாக்கி வேக விகிதத்தால் பெருக்கினால் 1.6 வருகிறது. 16 சதவீத வேகத்துக்கு 60 சதவீதம் அதிகச் சூடு. இடையில் 4.7ஐப் பாருங்கள், அதற்கு 1.23 வோல்ட் போதும். வேகம் 9 சதவீதம் கூட, சூடு 25 சதவீதம் கூட. 4.3இலிருந்து 4.7 வரை ஏறுவது நியாயமான விலை. அங்கிருந்து 5.0 வரை போக, மிச்சமிருக்கிற 6 சதவீதத்துக்குக் கொடுக்கிற விலை அநியாயம். ஒவ்வொரு சிப்பிலும் இந்த வளைவு ஓரிடத்தில் செங்குத்தாகும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு படி கீழே நிற்பதுதான் ஓவர்கிளாக் செய்கிறவரின் திறமை என்று நான் நினைக்கிறேன்.

கண்டுபிடிக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று மதியங்கள். இரவு வேண்டாம், மதியம் என்று வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன். அறை 36ஐத் தொட்ட பிறகுதான் தொடங்குவேன். பெருக்கியை 47இல் நிறுத்திவிட்டு, வோல்டேஜை 1.30இலிருந்து ஒவ்வொரு முறையும் 0.01 குறைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 என்ற கனமான சோதனை அரை மணி நேரம். 1.20இல் ஒரு திரெட் தப்புக் கணக்குப் போட்டு நின்றது. 1.21இல் அரை மணி தாண்டியது. ஆனால் உண்மையான எக்ஸ்போர்ட் ஒன்றை இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு பார்த்தால், சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் வன்பொருள் பிழை என்று ஒன்று பதிவாகியிருந்தது. அந்த வரிசையில் பூஜ்யம் தவிர வேறு எந்த எண்ணும் இருக்கக் கூடாது. 1.22இல் சுத்தம். அதற்கு மேல் ஒரு படி பாதுகாப்புக்காகச் சேர்த்து 1.23இல் நிறுத்தினேன். பத்து நிமிட சினிபெஞ்ச்சை மட்டும் ஓட்டிவிட்டு நிலையானது என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வேலை எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே பயாஸில் இன்னொரு அமைப்பும் கவனிக்க வேண்டியது. கிணற்று மோட்டாரைப் போட்டால் வீட்டு பல்பு ஒரு நொடி மங்குமே, அது போலப் புராசஸர் மேல் முழுச் சுமை விழுந்ததும் அதற்குப் போகும் வோல்டேஜ் தொய்யும். நீங்கள் 1.23 என்று எழுதியிருப்பீர்கள், சுமையில் 1.19 ஆகியிருக்கும். இந்தத் தொய்வைத் தாங்கிப் பிடிக்க போர்டில் லோட்லைன் அளவு என்று ஒன்று உண்டு. உச்சத்தில் வைத்தால் தொய்வே இருக்காது, ஆனால் சுமை விடுபடுகிற கணத்தில் வோல்டேஜ் எழுதியதைத் தாண்டி எகிறும். அந்த எகிறல் எந்த மென்பொருளிலும் தெரியாது, சிப்புக்குத் தெரியும். நடுவிலுள்ள அளவே நல்லது. வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுப் பெருக்கியை மட்டும் ஏற்றுவதும் வேண்டாம். போர்டு தன் பாதுகாப்புக்குத் தாராளமாக ஊற்றிவிடும்.

ஏ.வி.எக்ஸ் ஆஃப்செட் என்று ஒரு வசதி இருக்கிறது. கனமான கணக்குக் கட்டளைகள் வரும்போது மட்டும் வேகத்தை இரண்டு, மூன்று படி இறக்கும். கேம் விளையாடுகிறவர்களுக்கு உதவும். வீடியோ எக்ஸ்போர்ட் முழுக்க அந்தக் கட்டளைகள்தான் என்பதால் நான் அதைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன். 5.0 என்று எழுதிவைத்து வேலை நேரத்தில் 4.7இல் ஓடுவதைவிட 4.7 என்று எழுதி 4.7இல் ஓடட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சித்திரை மதியத்தில் 91 வந்தது. 5.0இன் 64ஐ அதே சூட்டு விகிதத்தில் குறைத்தால் 50, அறையின் 36ஓடு சேர்த்து 86தான் வர வேண்டும். மீதி ஐந்து டிகிரி எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா மேலே வந்தார். கேபினெட் அப்போது மேஜையின் கீழ் மரப்பெட்டி போன்ற அறைக்குள் இருந்தது. முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் சுவரை ஒட்டிய பலகை. அப்பா குனிந்து, பின்னால் இருக்கிற நாலு விரற்கடை இடுக்கில் கையை விட்டுப் பார்த்தார்.

"உள்ள வர்றதுக்கு வழி வெச்சிருக்கற. போறதுக்கு எங்கடா வெச்சிருக்கற?"

ஷெட்டில் அவர் தினமும் பார்க்கிற விஷயம் அது. பட்டுப்புழு இளம் பருவத்தில் 27 டிகிரி சுற்றிக் கேட்கும், ஐந்தாம் பருவத்தில் 24, 25. கோடையில் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துச் சூட்டை இறக்குவார்கள். ஆனால் புழு பெரிதாகிவிட்டால் ஈரம் மட்டும் போதாது, எதிர்ப்பக்க ஜன்னலும் திறந்து காற்று குறுக்கே ஓட வேண்டும். இல்லாவிட்டால் இலை அழுகும், புழு நோயில் விழும். உள்ளே வந்த காற்று வெளியே போகாமல் அதே இடத்தில் சுற்றினால் ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கடைவீதிக்குப் போய் இரண்டாவது தெர்மாமீட்டரை வாங்கி வந்தது அன்றுதான். அறை நடுவில் 36 காட்டியது. கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்கு நேரே வைத்தபோது 41. பின்னால் வெளியேறிய சூட்டுக் காற்று சுவரில் மோதி, மேஜைக்கு அடியில் சுற்றி வந்து, முன்பக்கம் வழியாக மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேஜைப் பலகையைக் கழற்றிப் போட்டு, கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மேலே வைத்தேன். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஐந்து டிகிரி அப்படியே இறங்கியது. செலவு ஒன்றுமில்லை.

அப்புறம் தூசி. எங்கள் வீட்டில் இது சாதாரணத் தூசி அல்ல. புழு தோலுரிக்கும் நேரத்தில் படுக்கை மேல் சுண்ணாம்புத் தூள் தூவுவோம். அது காற்றில் மிதந்து மாடி வரைக்கும் வரும். அந்த வருஷம் கூலரைக் கழற்றியபோது அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக, சுவரில் பூசினாற்போல் ஒரு படலம். மென்மையான பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஒரு அறுவடை முடிந்து ஷெட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாட்களில் என் அறை ஜன்னலை அடைத்து மெஷினையும் அணைத்துவிடுகிறேன். குளோரின் வாடை உலோகத்தை அரிக்கும். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் மாதம் ஒரு தடவை முன்பக்க வலையைத் தட்டியே ஆக வேண்டும்.

புராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசுகிற பேஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய உரிமையாளர் போட்டது காய்ந்து, உரசினால் பொடியாக உதிர்ந்தது. மெடிக்கல் ஷாப் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்கு வைத்துக் கூலரை நேராக அழுத்தித் திருகினால் போதும். குறுக்கு மறுக்காக, நான்கு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக. அதில் மூன்று டிகிரி குறைந்தது. 8700கேவின் மூடிக்கு உள்ளேயும் சாலிடருக்கு (உருக்கி ஒட்டும் உலோகம்) பதில் பேஸ்ட்தான் வைத்திருக்கிறார்கள். 2011 சாண்டி பிரிட்ஜில் சாலிடர் இருந்தது, 2012இல் அடுத்த தலைமுறையில் பேஸ்ட் வந்தது, 2018இல் 9900கேவில் சாலிடர் திரும்பி வந்தது. மூடியைப் பெயர்த்து உள் பேஸ்ட்டை மாற்றினால் பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். பிழைப்புக்கு ஒரே மெஷின் வைத்திருப்பவன் அதில் இறங்கக் கூடாது என்பது என் முடிவு.

போன வருஷம் ஏர் கூலர் ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்தேன். ஈரச் சாக்கின் மின்சார வடிவம். சித்திரையில் எங்கள் காற்று காய்ந்திருப்பதால் அறை 37இலிருந்து 31க்கு இறங்குகிறது. ஈரக் காற்றால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகாதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் ஈரம் துளியாகப் படியும். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் எல்லாமே காற்றைவிடச் சூடு, அதனால் படியாது. திரவ நைட்ரஜன் ஊற்றி 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டிக் காட்டுகிறார்களே, அவர்களுக்குத்தான் அந்தக் கவலை. அது மைனஸ் 196 டிகிரி. எதிர் ஜன்னலைத் திறந்துவைக்க மட்டும் மறக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஏர் கூலரால் பயனில்லை, அப்போது தேவையும் இல்லை.

புதிய புராசஸர் வாங்குகிறவர்கள் இந்த வேலையே இனி வேண்டாமே என்பார்கள். ஒரு வகையில் சரி. இப்போதைய சிப்புகள் விளிம்பு வரை தாமாகவே ஏறிக்கொள்கின்றன. 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரியே வடிவமைப்பு இலக்கு. தர்மபுரி ஸ்டுடியோ நண்பர் ஒருவரின் 7600எக்ஸை, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 65 வாட் ஈகோ மோடில் வைத்துக் கொடுத்தேன். வேகம் மிகச் சிறிதளவே குறைந்தது, ஃபேன் சத்தம் அடங்கிவிட்டது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைகளில் என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, சிப்புகள் நிலைகுலைந்து, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். வோல்டேஜ் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்கிற வேலை போய்விடவில்லை. முன்பு ஏற்றுவதற்குத் தேவைப்பட்டது, இப்போது இறக்குவதற்குத் தேவைப்படுகிறது.

இந்த வைகாசியில் என் மெஷின் 4.7, 1.23 வோல்ட். ஏர் கூலர் ஓடாத மதியம் 84, ஓடினால் 78. இந்த இரண்டு வருஷத்தில் பிழைக் கணக்கு பூஜ்யம். இருந்தும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டையும் கொடுப்பதற்கு முன்பு ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். தாலி கட்டும் இடத்தையும் நலங்கையும் ஃபிரேம் ஃபிரேமாக. ஆடி பிறந்ததும் கூலரைக் கழற்றிப் பேஸ்ட் மாற்ற வேண்டும். அப்பாவும் அப்போதுதான் ஷெட் கூரைக்குத் தென்னங்கீற்று மாற்றலாம் என்கிறார்.